தானாகத் திறக்கும் கதவு

வீட்டைப் பற்றிப் பேசுவோர் சுவரின் உறுதியைப் பேசுவர்; கூரையின் உயரத்தைப் பேசுவர்; தலைவாயிற் கதவின் தேக்கையும் அதிற் செதுக்கிய பூவேலையையும் வந்தவர்க்குக் காட்டி மகிழ்வர். உள்ளறைக் கதவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கூடத்திற்கும் அறைக்கும் இடையே நிற்கும் அந்த எளிய கதவு, தன் கடமையைச் செய்யும் வரை நம் கண்ணிற் படுவதே இல்லை. அது கடமை தவறும் நாளில்தான், இல்லத்தின் மானம் எத்துணை அளவுக்கு அதனை நம்பியிருந்தது என்பது நமக்கு விளங்குகிறது.

உள்ளறைக் கதவின் கடமை இரண்டே. மூடினால் மூடியபடி இருத்தல். திறந்தால் திறந்தபடி இருத்தல். ஆயினும் சில வீடுகளில் மூடிவிட்டுத் திரும்பினால் பின்னால் மெல்லத் திறந்துகொள்ளும் கதவுகள் உள்ளன. வேறு சில, திறந்து வைத்துவிட்டு இரண்டடி நடப்பதற்குள் தாமே சாத்திக்கொள்ளும். கையில் சோற்றுத் தட்டுடன் வரும் பெண்மணி தோளால் முட்டித் திறக்கிறாள். குழந்தையின் விரல் இடுக்கில் அகப்படுகிறது. உடை மாற்றுபவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாற்றுகிறார். இவை சிறிய துன்பங்கள் என்று சொல்லிவிடலாம். நாள்தோறும் பத்து முறை நேரும் துன்பம் சிறியதன்று.

திருமறையின் 24 ஆம் அத்தியாயமாகிய அந்நூர், பிறர் இல்லத்தினுள் அனுமதி பெறாமல் நுழைவதை 27 ஆம் வசனத்தில் விலக்குகிறது. அத்துடன் நில்லாது, 58 ஆம் வசனத்தில் ஓர் இல்லத்தின் உள்ளே வாழ்வோருக்கும் முறை வகுக்கிறது. வைகறைத் தொழுகைக்கு முன்பும், நண்பகலில் ஆடை களைந்து ஓய்ந்திருக்கும் போதும், இஷாத் தொழுகைக்குப் பின்பும், இல்லத்தை அண்டிப் பணிபுரிவோரும் பருவமெய்தாத சிறுவரும் கூடக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். சிறு பிள்ளையும் கேட்டு வரவேண்டிய வேளையில், கதவு கேளாமலே திறந்துகொள்வதென்றால் அதனை அற்பக் குறை என்று எப்படி விட்டுவிட முடியும்?

தாராபுரத்தில் வாழ்வோருக்குக் கதவின் குணம் ஓரளவு தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயே நம் வட்டாரத்தின் பெரிய வாயில். அதற்குக் கதவு இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலையாள நாட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்காற்றாக அவ்வழியே நம்மிடம் வருகிறது. உடுமலைச் சாலையிலும் பல்லடத்துச் சாலையிலும் வரிசையாகச் சுழலும் காற்றாலைகள் அதன் வேகத்திற்குச் சாட்சி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில் கதவு பறப்பதில் வியப்பென்ன? ஆகையால் நம் வீடுகளில் ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு கல் கிடக்கும். அல்லது ஆப்பு கிடக்கும். அதுவும் இல்லையேல், திருப்பூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட் ஒரு பிடி சுருட்டிச் செருகப்பட்டிருக்கும்.

ஆனால் காற்றினால் அடித்துக்கொள்ளும் கதவு வேறு. காற்றே இல்லாத நள்ளிரவில் ஓசையின்றித் திறக்கும் கதவு வேறு. முன்னதைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. பின்னது ஒரு குடும்பத்தையே கலக்கிவிடும். அவ்வாறு கலங்கிய இல்லம் ஒன்றை நாம் அறிவோம்.

நமக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் இல்லம், அமராவதி ஆற்றுக்கு அதிகத் தொலைவில்லாத தெருவில் உள்ளது. ஓடு வேய்ந்த பழைய வீடு. அவருடைய தாயார், நாம் நன்னி என்று அழைக்கும் முதியவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கூடத்தை ஒட்டிய அறையிலே படுக்கையில் இருந்தார். அவ்வாண்டு பேரனுக்குத் திருமணம் நடந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்துப் புதுப்பித்தனர். உடுமலையிலிருந்து மருமகள் வந்தாள். நன்னியைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, உடை மாற்றுவது ஆகிய பணிகள் மெல்ல மெல்ல அந்தப் பெண்ணின் கைக்கே வந்து சேர்ந்தன.

வந்த சில நாட்களில் அந்த அறைக் கதவு தானாகத் திறக்கத் தொடங்கிற்று. கூடத்தில் நலம் விசாரிக்க வந்த ஆண்கள் அமர்ந்திருக்க, உள்ளே முதியவரின் உடை மாறிக்கொண்டிருக்க, கதவு மெல்ல விலகும். முதலில் மருமகள் சரியாகச் சாத்தவில்லை என்றனர். தாழிடச் சொன்னால், தாழ்ப்பாளின் நாக்கு நிலையின் துளையில் பொருந்தவில்லை. இரவில் நன்னி கூப்பிட்டால் ஓடிச் செல்ல வேண்டுமாகையால் உள்ளே தாழிட்டுக்கொள்வதும் இயலாது. பிறகு இரவிலும் கதவு திறந்தது. பெண்கள் தமக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டனர். பார்வை பார்க்கும் ஒருவர் அழைக்கப்பட்டார். ஓதி ஊதிய நீர் தெளித்தார். நிலையில் ஆணி அறைந்தார். பணம் பெற்றுச் சென்றார். கதவு முன்போலவே திறந்தது. அதன் பின், "அந்தப் புள்ள வந்த வேளை" என்னும் சொல் ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு வீடெங்கும் உலவிற்று. கொஞ்ச நாள் தாய்வீட்டில் இருந்து வரட்டும் என்று மருமகளை உடுமலைக்கு அனுப்பிவிட்டனர்.

ஜின் இனம் உண்டென்பது நம் நம்பிக்கை. அதனை ஈண்டு எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குற்றத்தை எவர்மேல் சுமத்துவதாயினும், அதற்கு முன் கண்ணுக்குத் தெரியும் காரணங்களைத் தேடுதல் கடமை அன்றோ? ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்படி 49 ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. ஆதலின், தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டலாமே என்று நாம் சொன்னோம். மறுநாள் காலை முதியவரான ஓர் ஆசாரியார் பையுடன் வந்தார்.

அவர் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். சன்னல்களைச் சாத்தச் சொன்னார். பின்பு கதவைக் கால் பங்கு திறந்து கையை எடுத்தார். அது உட்பக்கம் ஓடிற்று. பாதி திறந்து விட்டார், அப்பொழுதும் ஓடிற்று. முழுவதும் திறந்து சுவரோடு சேர்த்து விட்டார். சுவரை விட்டு விலகி வந்து, அறைக்கு நேர் உள்ளாக நின்றது. அவர் தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக் கீல் அடித்த பக்கத்து நிலையின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். மேலே நிலையைத் தொட்ட நூல், கீழே நிலையை விட்டு நான்கு நூல் அளவு விலகி நின்றது. நான்கு நூல் என்றால் அரை அங்குலம். நிலையின் தலை அந்த அளவுக்கு அறைப்பக்கம் சாய்ந்திருந்தது.

பிறகு கீலை விரலால் தடவி முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க பாய், இந்தக் கீலுக்கு யாரு எண்ணெய் உட்டது?"

"கலியாணத்துக்கு வெள்ளையடிச்சப்போ எல்லாக் கீலுக்கும் நான்தான் விட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்கு முந்தி கதவு கத்துமுங்களா?"

"தெருவுக்கே கேட்கும்."

"கத்துன வரைக்கும் துருதானுங்க புடிச்சு நிறுத்தியிருக்குது. எண்ணெய் உட்டதும் அது உட்டுருச்சு. நிலை சாஞ்சது இன்னிக்கு நேத்து இல்லீங்க. ரொம்ப வருசம் ஆயிருக்கும்."

கூடத்தில் எவரும் பேசவில்லை. உள்ளேயிருந்து நன்னியின் குரல்தான் கேட்டது: "அப்ப அந்தப் புள்ளைய எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?"

ஆசாரியார் கீழ்க்கீலை மட்டும் கழற்றி, அறைப்பக்கம் மூன்று நூல் நகர்த்திப் பொருத்தினார். பழைய துளைகளில் தேக்குச் சிம்பு அடைத்தார். தாழ்ப்பாளின் துளையை உளியால் சற்று அகட்டினார். மூடும்போது கதவின் அடிப்பகுதி நிலையை விட்டுச் சற்றே முன்வந்து நிற்கும். உற்றுப் பார்ப்பவர்க்கு அது தெரியும். ஆனால் கதவு விட்ட இடத்தில் நின்றது. வேலை ஒரு முற்பகலில் முடிந்தது. அன்று மாலையே உடுமலைக்கு ஆள் சென்றது. மருமகள் திரும்பி வந்தாள். ஆயினும் நெடுநாள் வரை, ஒவ்வோர் இரவும் அந்தக் கதவை இருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே அவள் படுக்கச் செல்வாள் என்று கேள்வியுற்றோம். கீலைத் திருத்துவது எளிது; சொல்லை அவ்வாறு கழற்றி நகர்த்த இயலாது.

ஆசாரியார் கைப்பழக்கத்தால் கண்டதன் காரணத்தைச் சற்றே விளக்குவது பயன்தரும். கதவு எத்தனை கீல்களில் தொங்கினாலும், அது சுழல்வது அக்கீல்களின் ஆணிகளை இணைக்கும் ஒரே கோட்டைச் சுற்றித்தான். அந்தக் கோடு நேர் செங்குத்தாக இருந்தால், கதவு எந்தப் பக்கம் திரும்பினும் அதன் பாரம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஆகவே விட்ட இடத்தில் நிற்கும். கோடு சாய்ந்தால், கதவின் வழியில் ஓர் இடம் மற்ற இடங்களைவிடத் தாழ்ந்ததாகிவிடும். நீர் பள்ளம் தேடுவதுபோல் பாரம் அவ்விடத்தைத் தேடி ஓடும். இதனை ஒரே விதியாகச் சொல்லிவிடலாம்: மேற்கீல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, கதவு அந்தப் பக்கம் செல்லும். அறைக்குள் சாய்ந்தால் அறைக்குள் திறக்கும். தாழ்ப்பாள் இருக்கும் பக்கம் சாய்ந்தால் தானே மூடும். அதற்கு எதிர்ப்பக்கம், கீல் இருக்கும் சுவரை நோக்கிச் சாய்ந்தால், முழுவதும் திறந்து சுவரை நாடும்.

இந்தச் சாய்வை எதிர்த்து நிற்பது கீலில் உள்ள உராய்வு ஒன்றே. துருவும் தூசியும் உராய்வைக் கூட்டும்; எண்ணெய் குறைக்கும். இக்காலத்துத் துருப்பிடிக்காத எஃகுக் கீல்கள் வழவழப்பானவை. ஆதலால் புதிதாகக் கட்டிய வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் சிறு சாய்வே போதும், கதவு ஓடத் தொடங்கிவிடும். பழைய வீட்டில் நிலை சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் அடித்தளம். கரிசல் கலந்த நிலம் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். அதன்மேல் நிற்கும் சுவரும் ஆண்டுதோறும் இம்மி இம்மியாக அசையும். நிலையும் சுவரோடு செல்லும்.

சாய்ந்த கதவின் இந்தக் குணத்தையே அறிவியல் ஒரு கருவியாக்கிக்கொண்டது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1876 முதல் ஜப்பானில் பணியாற்றிய ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேய அறிஞரின் நிலநடுக்கப் பதிவுக் கருவி, ஏறத்தாழ ஒரு கதவைப் போன்றதே. அதன் சுழற்கோடு செங்குத்திலிருந்து மிக மிகச் சிறிதளவே சாய்ந்திருக்கும்; ஆகையால் தரையின் நுண்ணிய அசைவும் அதனை மெல்ல ஆட வைக்கும். 1897 இல் அஸ்ஸாமில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்திற்குப் பின், 1898 இல் கல்கத்தாவின் அலிப்பூரிலும், 1899 இல் பம்பாயிலும் நம் கொடைக்கானலிலும் நிலநடுக்கப் பதிவு தொடங்கிற்று. வானம் தெளிந்த நாளில் தாராபுரத்திலிருந்து தெற்கே நீலமாகத் தெரிகிறதே அந்தப் பழனி மலைத்தொடர், அதன் உச்சியில்தான் அந்தக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. 1900 பிப்ரவரி 8 ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்ட நிலநடுக்கம் தென்னாட்டின் பரந்த பகுதியில் உணரப்பட்டது. ஓர் அறிஞர் கதவின் ஆட்டத்தைக் கொண்டு பூமியின் உள்ளத்தை அளந்தார். நாமோ அதே ஆட்டத்தைக் கொண்டு வீட்டுக்கு வந்த பெண்ணை அளக்கிறோம்.

நம் முன்னோர் வீட்டுக் கதவுகளில் இத்தொல்லை குறைவு. அவற்றிற்குக் கீல் இல்லை, குடுமி உண்டு. கதவுப் பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் முளையே குடுமி. அது மேலே விட்டத்துத் துளையிலும் கீழே குழியிலும் பொருந்திச் சுழலும். முழுப் பாரமும் குழியில் அழுந்துவதால் உராய்வு மிகுதி. சிறு சாய்வு அதனை அசைக்காது. தேய்ந்தால் கதவு தரையில் இழுபடும். ஆனால் தானாக ஓடாது. நாம் குடுமியை விட்டுக் கீலுக்கு வந்தபோது எளிதில் திறக்கும் வசதியைப் பெற்றோம். அதனுடன், நிலையைத் தூக்குப் பார்த்து நிறுத்தும் பொறுப்பையும் பெற்றோம்.

தானாகத் திறக்கும் கதவைக் கண்டு மக்கள் மயங்குவது புதிதன்று. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோ என்னும் பொறியியலார், பலிபீடத்தில் தீ மூட்டியதும் கோயிற் கதவுகள் தாமே திறக்கும் அமைப்பை எழுதி வைத்துள்ளார். தீயின் சூட்டால் விரிந்த காற்று ஒரு கலத்திலுள்ள நீரைத் தொங்கும் வாளிக்குள் தள்ளும். பாரம் ஏறிய வாளி கீழிறங்கி, தரைக்கடியில் நீண்டிருக்கும் கதவின் குடுமிகளைக் கயிற்றால் சுழற்றும். மேலே நிற்பவர்க்கு அது அற்புதம். கீழே இருப்பது வாளியும் கயிறும். இன்றைய துருக்கியின் தியார்பகிர் ஆகிய ஆமித் நகரில், அர்துக் அரசர்களிடம் பணிபுரிந்த அல்ஜஸரீ, 1206 இல் நிறைவேற்றிய தம் பொறியியல் நூலில் அரண்மனைக்கு வார்த்த பித்தளைக் கதவு ஒன்றைச் செய்முறையோடு விளக்குகிறார். அந்நூலின் தலைப்பே அறிவையும் செயலையும் இணைப்பது என்னும் பொருள்பட அமைந்தது. அத்தகைய மரபுக்கு உரியவர் நாம். கதவு அசைந்தால் காரணம் தேடுவது நமக்கு அந்நியமான பழக்கம் அன்று.

இனி, இல்லத்தார் தாமே செய்துகொள்ளக் கூடியவற்றைச் சொல்வோம்.

முதலில் ஆசாரியார் செய்த சோதனையைச் செய்க. விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தி, மூன்று நிலைகளில் கதவை விட்டுப் பாருங்கள். அப்பொழுது அசையாத கதவு காற்றின் கதவு. அதற்குக் கொக்கியோ காந்தப் பிடிப்போ போதும். கீலைத் தொட வேண்டா. அசையும் கதவானால், நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டாலே தூக்குக்குண்டு ஆகிவிடும். கீல் பக்கத்து நிலையை அறையின் முகத்திலும், கதவு வந்து பொருந்தும் உள்முகத்திலும், இரண்டிலும் பார்க்க வேண்டும். ரசமட்டம் இருந்தால் நன்று. இக்காலத்துக் கைப்பேசிகள் பலவற்றிலும் மட்டம் பார்க்கும் வசதி உண்டு.

அடுத்துத் திருகாணிகளைப் பாருங்கள். மேற்கீலின் திருகாணி தளர்ந்தால் கதவின் தலை தாழ்ப்பாள் பக்கம் சாயும். கதவு தானே மூடத் தொடங்கும். அதன் மூலை தரையில் உரசும். முறுக்கினால் சரியாகிவிடும். துளை அகன்று திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தால், மூங்கில் அல்லது தேக்குச் சிம்புகளைப் பெவிகாலில் தோய்த்துத் துளையில் நிறைத்து, உலர்ந்தபின் மீண்டும் திருகுக.

திருகாணிகள் உறுதியாய் இருந்தும் கதவு தானே மூடினால், கீழ்க்கீலுக்கும் நிலைக்கும் இடையே ஒரு துண்டு அட்டை வைத்துத் திருகுக. முழுவதும் திறந்து சுவரை நாடுமானால், மேற்கீலின் பின்னால் அட்டை வைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஓர் அட்டை போதும். மிகுந்தால் கதவு மறுபக்கத்து நிலையில் பிடிக்கும். நாம் கண்ட இல்லத்தைப் போல் நிலை அறைப்பக்கமே சாய்ந்திருந்தால் அட்டை உதவாது. கீலை இடம் மாற்ற வேண்டும். அது தச்சரின் வேலை. ஆணியைத் தட்டிக் கழற்றக்கூடிய கீலானால் இன்னொரு வழியும் உண்டு. கதவின் அடியில் ஆப்பு வைத்து நிறுத்தி, ஓர் ஆணியை மட்டும் எடுத்து, கல்லின்மேல் வைத்து நடுவில் மெல்லத் தட்டி மயிரிழை வளைத்து மீண்டும் செருகுக. இது சாய்வை நீக்காது. துரு செய்து வந்த வேலையை ஓசையின்றிச் செய்யும்.

சாய்வு ஆண்டுதோறும் கூடுமானால், அல்லது நிலையின் மூலையிலிருந்து சுவரில் வெடிப்பு கிளம்புமானால், குற்றம் கதவினது அன்று, அடித்தளத்தினது. அப்பொழுது கொத்தனாரை அழைப்பதில் தாமதம் கூடாது.

இவ்வளவிற்கும் ஆகும் செலவு, பார்வை பார்ப்பவருக்குக் கொடுப்பதைவிட மிகுதியாக இருக்காது. நோயாளியின் அறை, பெண்மக்கள் படிக்கும் அறை, புதிதாய் வந்த மருமகளின் அறை ஆகிய இவற்றின் கதவுகளை இந்த வாரமே ஒருமுறை சாத்தியும் திறந்தும் பாருங்கள். தானாக அசையும் கதவொன்றைக் கண்டால், வீட்டில் எவர் வந்த பிறகு இது தொடங்கிற்று என்ற கேள்வியை எவரும் எழுப்புவதற்கு முன், ஒரு நூலும் ஒரு நட்டும் எடுத்துக்கொண்டு நிலையருகே சென்று நில்லுங்கள்.